ஆண்டான் கயிறும் எட்டு நாள் ஜப்பானும்

நான் முதன்முதலில் கல்விச் சுற்றுலா போனது ஒன்பதாம் வகுப்பில், சோமனூரிலிருந்து மேட்டூர் அணைக்கு. ஆளுக்கு ஒரு பொட்டலம் எலுமிச்சைச் சாதம், பஸ்ஸின் முன் சீட்டில் விசிலோடு பி.டி. வாத்தியார். திரும்பி வந்ததும் ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். எழுதியவன் ஒருவன், பார்த்து எழுதியவர்கள் நாற்பது பேர்.

அடுத்தது 2024 நவம்பரில், 43 வயதில், ஜப்பானுக்கு. ஓசூரில் கார்க் கதவுப் பூட்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சனி, ஞாயிறுகளில் பெங்களூருக்குப் போய் இரண்டு வருட எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. படித்தேன். அதில் எட்டு நாள் வெளிநாட்டுப் பயணம் கட்டாயப் பாடம். பாடத்திட்டத்தில் அதற்கு 'இம்மர்ஷன்' என்று பெயர். முங்கி எழுவது. எட்டு நாளில் கால் நனைந்தால் பெரிது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் 31 பேர். வங்கி, மென்பொருள், மருத்துவமனை நிர்வாகம், மருந்துக் கம்பெனி, என்னைப் போல் உற்பத்திக் கூடத்தில் நிற்கும் ஷாப் ஃப்ளோர் ஆட்கள் ஆறேழு பேர். மூத்தவருக்கு 52 வயது, இரண்டு தடவை ஸ்டென்ட் வைத்தவர். இளையவளுக்கு மூன்று வயதில் குழந்தை. இந்த வயதில் இப்படி ஒரு பயணம் போவது கல்லூரிப் பையன்கள் போவது போல இல்லை. வீடு, வேலை, கடன், உடம்பு என்று எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறோம்.

முதலில் காசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். கோர்ஸ் கட்டணத்தில் தங்குமிடமும் கம்பெனி விசிட்களும் அடக்கம். விமான டிக்கெட், விசா, பெரும்பாலான சாப்பாடு நம் செலவு. என் கம்பெனி டிக்கெட்டை ஏற்றுக்கொண்டது. ஆனால் விடுப்பு? எட்டு நாளும் என் சொந்த லீவில் கழிந்தது. "டூர்தானே சார்" என்று மனிதவளப் பிரிவில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். கோர்ஸில் சேரும் அன்றே இதை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். சேரும்போது எல்லோரும் கைகுலுக்குவார்கள், இரண்டாம் வருடம் அந்த மேலாளர் மாறியிருப்பார். பயண ஏற்பாட்டாளருக்குக் கட்டும் தொகைக்கு டி.சி.எஸ். (பணம் கட்டும்போதே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரி ரிட்டர்னில் அதைக் கணக்கு காட்டலாம், ரசீதைத் தொலைக்காமல் வைத்திருங்கள். அறை இரண்டு பேருக்கு ஒன்று. கொஞ்சம் பணம் கூடக் கட்டினால் தனி அறை. நான் கட்டவில்லை. அறைத் தோழர் ஒரு வங்கி மேலாளர், தங்கமான மனிதர், குறட்டை மட்டும் டீசல் ஜெனரேட்டர். அறையோ எங்கள் இரண்டு பேர் பெட்டியையும் ஒரே நேரத்தில் தரையில் திறக்க முடியாத அளவு. 40 வயதுக்கு மேல் தூக்கத்துக்குப் பணம் கட்டுவது ஊதாரித்தனம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முந்தைய பேட்ச் போய் வந்து எழுதிய ரிப்போர்ட்டை நூலகத்தில் எடுத்துப் படித்தேன். ஜப்பானியர்கள் நேரம் தவறாதவர்கள், சுத்தமானவர்கள், வாடிக்கையாளரைத் தெய்வமாக நினைப்பவர்கள். அறுபது பக்கம். மேட்டூர் அணைக் கட்டுரை ஞாபகம் வந்தது. எங்களை அழைத்துப் போன பேராசிரியைக்கும் அந்த ரிப்போர்ட் மேல் கோபம் இருந்திருக்க வேண்டும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு ஆளுக்கு ஒரு தபால் அட்டையளவு காகிதம் கொடுத்தார். "உங்கள் வேலையில் உங்களால் தீர்க்க முடியாத ஒரு விஷயத்தை ஒரே கேள்வியாக எழுதுங்கள். ஜப்பான் என்ற சொல் அதில் வரக்கூடாது." என்னுடையதை இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது தடவை நான் எழுதியது இது: "எங்கள் லைனில் ஆண்டான் கயிறு இருக்கிறது. ஏன் யாரும் இழுப்பதில்லை?"

தெரியாதவர்களுக்கு: லைன் என்றால் பாகங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்திக்கொண்டே போகும் உற்பத்தி வரிசை. ஆண்டான் என்றால் ஜப்பானிய மொழியில் காகிதக் கூடு போட்ட விளக்கு. டொயோட்டா முறையில், வேலை செய்பவர் ஏதாவது கோளாறு கண்டால் தலைக்கு மேல் ஓடும் கயிற்றை இழுப்பார். விளக்கு எரியும், அணித்தலைவர் ஓடி வருவார். குறிப்பிட்ட இடத்தைத் தாண்டுவதற்குள் சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். எங்கள் ஆலையிலும் 2017-ல் கயிறு கட்டினோம், விளக்கு போட்டோம், கேக் வெட்டினோம். இரண்டு மாதத்தில் கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டி, கேபிள் டை என்னும் பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கிவிட்டார்கள். எங்கள் லைனில் ஒரு பையன் ஒருமுறை சொன்னான்: "ஆண்டான் கயிறுன்னா ஆண்டான்தானே சார் இழுக்கணும், அடிமை எப்படி இழுப்பான்?" எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஜப்பான் போய் வரும்வரை அது வெறும் பகடிதான் எனக்கு.

நகோயாவில் எங்கள் முதல் நாள் டொயோட்டாவின் தொழில்நுட்ப நினைவு அருங்காட்சியகத்தில். 1994-ல் திறந்தது. கார்தான் இருக்கும் என்று நினைத்துப் போனால் பாதிக் கட்டடம் பஞ்சும் நூலும் தறியும். இடமே பழைய நெசவாலை. 1911-ல் டொயோட்டா குழுமத்தின் நிறுவனர் சகிச்சி டொயோடா அங்கே தறி ஆலை தொடங்கினார். அந்தச் சிவப்புச் செங்கல் சுவர்களை அப்படியே வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் அவர் 1906-ல் கண்டுபிடித்த வட்டத்தறி நிற்கிறது. மென்பொருள் நண்பர்கள் ஐந்து நிமிடத்தில் கார்ப் பகுதிக்குப் போய்விட்டார்கள். எனக்குக் கால் நகரவில்லை.

என் அப்பா சோமனூரில் 34 வருடம் விசைத்தறி ஓட்டியவர். கூலிக்கு. மீட்டர் கணக்கில் காசு. நாடாவுக்குள் (குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு இங்கும் அங்கும் ஓடும் கட்டை) இருக்கும் தாரில் (நூல் சுற்றிய சிறு குச்சி) நூல் தீர்ந்தால் தறியை நிறுத்தி, புதுத் தார் மாட்டி, மறுபடி தட்டிவிட வேண்டும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து தார் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். நீளவாக்கில் ஓடும் பாவு இழை ஒன்று அறுந்தால் அந்தத் தறிக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஓடும், துணியில் மெல்லிய கோடு விழுந்துகொண்டே போகும். கண்ணால் பார்த்து, நிறுத்தி, முடி போட வேண்டும்.

1924-ல் டொயோடா முடித்த ஜி வகைத் தானியங்கித் தறியை அங்கே ஓட்டிக் காட்டினார்கள். நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே புது நாடா தானாக மாறுகிறது. தறி நிற்பதே இல்லை. பிறகு வழிகாட்டிப் பெண் பாவு இழை ஒன்றைக் கையால் அறுத்தார். ஒரு சிறு தகடு கீழே விழுந்தது. தறி டக்கென்று நின்றது. அவ்வளவுதான். ஆள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை, கெட்ட துணி ஒரு விரற்கடைகூட வராது. ஒரே ஆள் எத்தனையோ தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். கோளாறு வந்தால் தானே நிற்கும் அந்தக் குணத்தை ஜிதோகா என்கிறார்கள். ஆண்டான் கயிற்றின் பாட்டன் அந்தத் தகடுதான். 1929-ல் இந்தத் தறியின் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனிக்கு ஒரு லட்சம் பவுண்டுக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டார்கள். மகன் கீச்சிரோவின் கார் முயற்சிக்கு அந்தப் பணம்தான் விதை என்று சொல்வார்கள். 1937-ல் டொயோட்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. பின்னாளில் அந்த உற்பத்தி முறையை வடித்த தாய்ச்சி ஓனோவும் வேலைக்குச் சேர்ந்தது நூற்பு-நெசவு ஆலையில்தான், 1932-ல். வகுப்பில் இதெல்லாம் ஸ்லைடில் பார்த்தேன். தறிச் சத்தம் காதில் விழும்போதுதான் நம்ம வீட்டு விஷயம் என்று பட்டது.

இழை அறுவதைப் படம் எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, பின்னாலேயே கதையையும் பேசி அனுப்பினேன். இரவு குரல் செய்தி வந்தது. "நல்லாத்தான் இருக்குது கண்ணு. தறி நின்ன நேரத்துக்குக் கூலி ஆரு குடுப்பாங்க?"

அந்த ஒரு கேள்வியோடுதான் மீதி ஏழு நாளும் சுற்றினேன்.

அடுத்த நாள் டொயோட்டா நகரம். அதன் பழைய பெயர் கொரொமோ, பட்டுத் தொழிலால் வாழ்ந்த ஊர். 1959-ல் கம்பெனியின் பெயரையே ஊருக்கு வைத்துக்கொண்டார்கள். ஆலையைப் பார்வையாளர் நடைபாதையிலிருந்து பார்க்கலாம். கேமராவுக்கு அனுமதி இல்லை. கயிற்றையோ பொத்தானையோ யாராவது தொட்டால் ஒரு மெட்டு ஒலிக்கும், பலகையில் அந்த நிலையத்தின் எண் மஞ்சளாகும். நாங்கள் நின்ற நாற்பது நிமிடத்தில் எத்தனை தடவை ஒலித்தது என்று எண்ணத் தொடங்கி, பத்தைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். லைன் நின்றது ஒரு தடவையோ இரண்டு தடவையோதான். ஒருவர் இழுத்தார், இன்னொருவர் வந்தார், குனிந்தார்கள், ஏதோ செய்தார்கள், போனார்கள். யாரும் யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி. எங்கள் ஆலையில் லைன் நின்றால் முதலில் நடப்பது எல்லோரும் தலையைத் தூக்கி யார் என்று பார்ப்பது.

பெரிய கம்பெனி விசிட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவை தேர் மாதிரி, அலங்காரத்தோடுதான் வெளியே வரும். அரை மணி வீடியோ, அரை மணி ஸ்லைடு, நடைபாதை, குழுப் படம், ஒரு சின்ன நினைவுப்பரிசு. இன்னொரு பிரபலமான கம்பெனியில் இரண்டு மணி நேரமும் மாநாட்டு அறையில் உட்கார வைத்து ஆண்டறிக்கையையே படித்துக் காட்டினார்கள். அதற்காகவா கடல் தாண்டி வந்தோம் என்று எங்கள் 52 வயதுக்காரர் தூங்கிவிட்டார். நானும் அவரை எழுப்பவில்லை. உங்கள் கல்வி நிறுவனம் பயணத்திட்டத்தைக் காட்டும்போது பெரிய பெயர்களை எண்ணாதீர்கள். ஐம்பது பேருக்குக் கீழே வேலை செய்யும் இடம் ஒன்றாவது இருக்கிறதா, முதலாளியோடு நேரடியாகப் பேச முடியுமா என்று கேளுங்கள். எங்கள் திட்டத்தில் அப்படி ஒன்றே ஒன்று இருந்தது. நான் சொல்ல வந்ததில் பாதி அங்கேதான் கிடைத்தது.

தகடு வெட்டி வளைக்கும் சிறிய பிரஸ் ஷாப். மூன்றாம் தலைமுறை முதலாளி, எழுபதை நெருங்குபவர், நம் ஊர் லேத் பட்டறைக்காரர் போலவே விரலிடுக்கில் எண்ணெய்க் கறை. வாசலில் எங்களுக்காக வரிசையாகச் செருப்புகள். என் பத்தாம் நம்பர் காலுக்கு அவற்றில் எதுவும் சேரவில்லை, பாதி குதிகால் வெளியே தொங்க நடந்தேன். (சீக்கிரம் கழற்றி மாட்டக்கூடிய ஷூ, ஓட்டையில்லாத சாக்ஸ். இந்த இரண்டையும் யாரும் சொல்லித் தரவில்லை.) பஸ் நெரிசலில் நாங்கள் நான்கு நிமிடம் தாமதம். அவரும் மகளும் தெருவிலேயே குளிரில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த நான்கு நிமிடத்துக்கு எங்கள் பேராசிரியை மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் வாங்க வேண்டும், வாங்கியதைப் படிக்க வேண்டும், மேசையில் எதிரே வைத்துக்கொள்ள வேண்டும். நான் கொண்டுபோன ஐம்பது கார்டும் மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டதால் அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு நின்றது இன்னும் உறுத்துகிறது. நூறு கார்டு கொண்டுபோங்கள்.

மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசும்போது நேரம் பாதியாகிவிடும். ஒன்றரை மணி நேரச் சந்திப்பு என்றால் உண்மையில் முக்கால் மணி. எங்கள் ஆட்கள் கேள்வி கேட்பதற்கு முன் தங்கள் கம்பெனி வரலாற்றைச் சொல்வார்கள், பாவம் அந்தப் பெண் எழுதி எழுதிக் களைத்துப்போவார். கேள்வியை ஒரே வாக்கியமாக, எழுதி, முந்தின இரவே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துவிடுவது நல்லது. நான் அப்பாவின் கேள்வியை அப்படித்தான் கொடுத்திருந்தேன்: இயந்திரம் நின்ற நேரத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது?

முதலாளி ரொம்ப நேரம் வாய் திறக்கவில்லை. தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று பதற்றம். ஜப்பானில் அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழக வேண்டும். நாம் இடையில் புகுந்து பேசினால் வரவிருந்த பதில் போய்விடும். பிறகு மெதுவாகச் சொன்னார். அவர் அப்பா காலத்தில் அங்கேயும் யாரும் இயந்திரத்தை நிறுத்தியதில்லை. அப்பா கத்துவார். கெட்ட பாகங்கள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தபோதும் கத்தினார். இவர் பொறுப்புக்கு வந்ததும் செய்த முதல் வேலை, எண்ணிக்கைக்குத் தரும் ஊக்கத்தொகையை நிறுத்தி மாதச் சம்பளமாக்கியது. அதற்கும் ஆட்கள் உடனே நம்பவில்லை. "எத்தனை நாள் ஆயிற்று?" என்று கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டு சொன்னார்: மூன்று வருடம்.

கீழே அழைத்துப்போய் ஒரு வெள்ளைப் பலகையைக் காட்டினார். அன்று ஒவ்வொரு முறை நின்றதும் நேரம், காரணம், யார் வந்தார்கள் என்று கையெழுத்தில். மாலையில் அவர் ஒவ்வொன்றையும் படித்து முத்திரை வைக்கிறார். பலகையில் ஒன்றுமே எழுதாத நாளில்தான் தனக்குச் சந்தேகம் வரும் என்றார்.

அங்கே எங்கள் வகுப்புத் தோழர் ஒருவர், உங்கள் ஆலையில் நாங்கள் பயிற்சிக்கு ஆள் அனுப்பலாமா என்று கேட்டார். முதலாளி தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் காற்றை இழுத்து, "கொஞ்சம் கஷ்டம்" என்றார். நண்பர் அதை விடாமல், என்ன கஷ்டம், விசாவா, தங்குமிடமா என்று தொடர்ந்தார். ஜப்பானில் 'முஸுகஷீ' என்றால் முடியாது என்று அர்த்தம். நம் ஊரில் வரன் பேசும்போது பெண் வீட்டார் "பார்த்துச் சொல்றோமுங்க" என்றால் நமக்குப் புரிவதில்லையா? அப்படி.

சாப்பாடு. நான் முட்டை சாப்பிடுவேன், மீனும் கறியும் இல்லை. ஜப்பானில் சைவம் என்று சொன்னால் கறித்துண்டை எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். குழம்பில், சூப்பில், நூடுல்ஸ் தண்ணீரில், கீரைமேல் ஊற்றும் சாறில் எல்லாம் காய்ந்த மீன் வடித்த தாஷி இருக்கும். அவர்கள் கணக்கில் அது மீன் இல்லை, ருசி. கடும் சைவர்கள் பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோங்கள். வெறும் சோறும் புளிக்காத தயிரும் எங்கும் கிடைக்கும். இந்திய உணவகங்கள் உண்டு, பெரும்பாலும் நேபாளிகள் நடத்துவது. தட்டை விடப் பெரிய நான் ரொட்டி வரும். ஐந்தாம் நாள் அந்த நானைப் பார்த்து எங்கள் கோஷ்டியில் ஒருவர் கண் கலங்கினார், மிகையில்லை. பச்சைக் கறிவேப்பிலை, பழம் கொண்டுபோகாதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். அதைவிட முக்கியம் மருந்து: சூடோஎஃபெட்ரின் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள சளி மாத்திரைகளுக்கு அங்கே தடை. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு. மருந்துப்பெட்டியை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கட்டுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். எங்கள் பேட்ச்சில் ஒருவர் பெட்டி சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டது, மாத்திரைகள் அதில்.

கையில் கொஞ்சம் யென் நோட்டு வேண்டும், சின்னக் கடைகளில் கார்டு ஓடாது. செவன் இலெவன் கடைகளில் உள்ள ஏ.டி.எம்.-இல் நம் கார்டு வேலை செய்யும். குப்பைத்தொட்டி தெருவில் கண்ணில் படாது, பையில் ஒரு கவர் வைத்துக்கொள்ளுங்கள். நகோயாவில் எஸ்கலேட்டரில் நடந்து ஏறக்கூடாது, நிற்க வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து மாநகராட்சி விதி. 31 பேர் தடதடவென்று ஏறியபோது ஒரு பாட்டி எங்களைப் பார்த்த பார்வை போதும், அபராதம் தேவையில்லை.

அலுவலகத் தொலைபேசிதான் உண்மையான எதிரி. ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். ஓசூரில் காலை 9 மணிக்கு என் மேலாளர் போனை எடுக்கும்போது அங்கே பன்னிரண்டரை, சரியாக மதிய விசிட் தொடங்கும் நேரம். முதல் இரண்டு நாள் நான் பாதிக் கூட்டத்தை வராந்தாவில் நின்று கேட்டேன். மூன்றாம் நாள், ஜப்பான் நேரம் இரவு 9 முதல் 10 வரை மட்டும் பேசுவேன் என்று குழுவில் எழுதிப்போட்டேன். வானம் இடிந்து விழவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. மூன்று வயதுக் குழந்தையை விட்டு வந்த தோழிக்கு இந்தத் தீர்வெல்லாம் உதவவில்லை. தினமும் மாலை பஸ்ஸில் வீடியோவில் கதை சொல்லித் தூங்க வைக்க முயல்வார், அங்கே இன்னும் மதியம்தான். பிரசன்டேஷனில் எங்கள் எல்லோரையும் விட நன்றாகப் பேசியவர் அவர்தான். எப்படி என்று எனக்குத் தெரியாது.

ஒரு மாலை உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் பாடம் எடுத்தார். எங்களுக்கு ஜப்பான் மேல் ஏறியிருந்த பக்தியை இறக்கியவர் அவர். டொயோட்டாவின் முழு உரிமையில் உள்ள டைஹாட்சு கம்பெனியில் பாதுகாப்புச் சோதனைகளில் பல வருடம் நடந்த முறைகேடு 2023 டிசம்பரில் வெளியே வந்து, எல்லா மாடல்களையும் அனுப்புவதை நிறுத்தினார்கள். விசாரணைக் குழு சொன்ன காரணம்: வண்டி உருவாக்கும் கால அட்டவணையின் கடுமையான நெருக்கடி, முடியாது என்று மேலே சொல்ல வழியில்லாமை. "தொழிலாளிக்குக் கயிறு கொடுத்தோம், பொறியாளருக்குக் கொடுக்க மறந்துவிட்டோம்" என்கிற மாதிரி அவர் சொன்னபோது அறை அமைதியாகிவிட்டது. கயிற்றைக் கண்டுபிடித்த குடும்பத்திலேயே இப்படி என்றால் ஆணியில் சுருட்டி வைத்த எங்களைச் சொல்லவே வேண்டாம். இன்னொன்றும் அவர் சொன்னார். பிழைதடுப்புக்கு இன்று உலகமே சொல்லும் 'போகாயோகே' என்ற சொல் முதலில் 'பாகாயோகே', அதாவது முட்டாள்தடுப்பு. 1963-ல் ஒரு ஆலையில் அந்தப் பெயரைக் கேட்டு, நான் முட்டாளா என்று ஒரு பெண் தொழிலாளி அழுதிருக்கிறார். ஷிகேயோ ஷிங்கோ என்ற தொழில்துறைப் பொறியாளர் சொல்லை மாற்றினார். எங்கள் ஆலைப் பலகைகளில் இன்றும் 'ஃபூல் ப்ரூஃப்' என்றுதான் எழுதியிருந்தது.

ஞாயிறு ஓய்வு. பெரும்பாலோர் நகோயாவின் ஓசுக் கடைத்தெருவுக்குப் போனார்கள். நாங்கள் நான்கு பேர் ரயிலேறி இசே கோயிலுக்குப் போனோம், ஒன்றரை மணி நேரம். அங்கே 20 வருடத்துக்கு ஒருமுறை கோயிலையே பக்கத்து மனையில் புதிதாகக் கட்டி, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். 690-ல் தொடங்கிய வழக்கம், நடுவில் போர்க்காலத்தில் நூறு வருடத்துக்கு மேல் விட்டுப்போயிருக்கிறது. கடைசியாக 2013, அடுத்தது 2033. நம் ஊரில் 12 வருடத்துக்கு ஒரு கும்பாபிஷேகம் போல, ஆனால் இங்கே கட்டடமே புதிது. இருபது வயதில் எடுபிடியாக வந்த தச்சன் நாற்பதில் தானே உளி பிடிப்பான், அறுபதில் மேற்பார்வை பார்ப்பான், அப்படித்தான் கைவேலை செத்துப்போகாமல் இருக்கிறது என்று சொல்கிறார்கள். காலியாகக் கிடந்த பக்கத்து மனையில் வெறும் கூழாங்கற்கள். வங்கி மேலாளர் கேட்டார்: "நம்ம வயசுக்காரன்தான் அப்போ நடுவுல மாட்டுனவன், இல்லையா?" ஆமாம் என்றேன். மேலே ஒருவர், கீழே ஒருவர், உளி நம் கையில்.

தினமும் இரவு, குறட்டை தொடங்குவதற்கு முன், ஒரு பக்கம் எழுதினேன். பார்த்ததையெல்லாம் அல்ல, என் கேள்விக்குப் பட்டதை மட்டும். திரும்பியபின் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் கைபேசியில் 900 படங்களோடு திண்டாடினார்கள். கிளம்புவதற்கு முன்பே எங்கள் எம்.டி.யிடம் திரும்பி வந்த முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் கேட்டு நாள் குறித்து வைத்திருந்தேன். அது நான் செய்த உருப்படியான வேலை. இரண்டு வாரம் கழித்துப் போயிருந்தால் எல்லோருக்கும் அது பழைய கதை.

அந்த ஒரு மணி நேரத்துக்குத் தயாராகும்போதுதான் எங்கள் ஊக்கத்தொகைத் திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். மேற்பார்வையாளரின் மாத ஊக்கத்தொகையில் லைன் நின்ற ஒவ்வொரு நிமிடத்துக்கும் கழிவு. அந்தத் திட்டத்தை எழுதியவன் நான்தான். கயிற்றில் கேபிள் டை போட்டது வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லைனில் பாதிக்கு மேல் கான்ட்ராக்ட் பிள்ளைகள், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். லைனை நிறுத்தினால் மேற்பார்வையாளருக்குக் காசு போகும், அவர் மனது வைத்தால் இவர்களுக்கு அடுத்த மாதம் வேலை போகும். அந்தப் பையன் சொன்ன ஆண்டான்-அடிமைக் கணக்கு துல்லியமாக இருந்தது.

எம்.டி. முழுத் திட்டத்தையும் மாற்ற ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே ஒரு லைனில், மூன்று மாதத்துக்கு, கழிவை நிறுத்தி வைக்கச் சம்மதித்தார். கேபிள் டையை நானே வெட்டினேன். முதல் வாரம் ஒருவரும் தொடவில்லை. இரண்டாம் வாரம் ஒரு பெண் இழுத்தாள், ஸ்பிரிங் ஒன்று திருகி உட்கார்ந்திருந்தது. அவள் ஸ்பிரிங்கைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெல்ல மெல்லச் சேர்ந்தது. உற்பத்தி முதல் மாதம் குறைந்தது, அதற்காக மாதாந்திரக் கூட்டத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூன்றாம் மாதம் பழைய எண்ணிக்கையைத் தொட்டோம். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியது குறைந்திருக்கிறது, ஆனால் கயிற்றால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், அதே நேரத்தில் பாகங்கள் செய்யும் அச்சையும் (டை) மாற்றினோம். 'ஃபூல் ப்ரூஃப்' பலகைகளை இறக்கிவிட்டோம், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன், நின்ற நேரத்துக்கு இப்போது கம்பெனி கூலி கொடுக்கிறது என்று. "ஒரு லைனுக்குத்தானே?" என்றார்.

அந்த ஒரு லைனிலும் இரவு ஷிப்டில் இன்னும் யாரும் கயிற்றைத் தொடுவதில்லை. பகலில் ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை எரியும் விளக்கு, இரவில் ஒரு தடவைகூட எரிவதில்லை. பலகையில் ஒன்றும் எழுதாத நாளைப் பற்றி அந்த பிரஸ் ஷாப் முதலாளி சொன்னதை மேற்பார்வையாளரிடம் சொன்னேன், சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வரும் திங்கட்கிழமை இரவு பதினொரு மணிக்கு, யாரிடமும் சொல்லாமல், லைன் ஓரத்தில் போய் நிற்கப் போகிறேன்.